எல்லோருக்கும் நூற்றிருபது எண்பது

திங்கட்கிழமை நடக்கும் கூட்டத்துக்குச் சனிக்கிழமையே மினிட்ஸ் டைப் அடித்துவிட வேண்டும். விழுப்புரத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான். கூட்டம் முடிந்த பிறகு அடித்தால் உறுப்பினர்கள் காத்திருக்க வேண்டிவரும். காத்திருந்தால், என்ன பேசினோம் என்று ஒவ்வொருவரும் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். "எதுக்குய்யா வீண் பேஜாரு?" என்பார் சூப்பரின்டெண்ட் விருத்தாசலம்.

அது எண்பத்தாறாம் வருஷம். மருத்துவக் கருவிகள் ஆலோசனைக் குழு என்று வாசலில் பெயர்ப்பலகை. உள்ளே இரண்டு அறை, ஒரு டைப்ரைட்டர், நான். தற்காலிக டைப்பிஸ்ட். ஆறு மாதத்துக்கு ஒரு முறை 'பணி திருப்தி' என்று விருத்தாசலம் எழுதினால்தான் அடுத்த ஆறு மாதம். அந்த இரண்டு சொல்லுக்காக நான் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் திண்டிவனத்தில் சைக்கிள் பம்பு செய்துகொண்டிருந்த நடராசன் ஒரு பிரஷர் மெஷினோடு வந்தார். கையில் பட்டையைக் கட்டி, ரப்பர் உருண்டையை அழுத்தி, காற்றை விட்டால் போதும். சிவப்பு முள் மேல் அளவைக் காட்டும், பச்சை முள் கீழ் அளவைக் காட்டும், மூலையில் ஒரு குட்டி பல்பு எரியும். காதில் குழாய் வைத்துக் கேட்க வேண்டாம், படிப்பும் வேண்டாம்.

முதலில் விருத்தாசலத்தின் கையில் கட்டினார். நூற்றிருபது, எண்பது. விருத்தாசலம் ஏழு வருஷமாக பிரஷர் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தவர். முள்ளைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியாய்யா தேவநாதன்! அந்த டாக்டர் பாவி என்னை ஏழு வருஷமா நோயாளின்னு சொல்லிக்கினு இருந்தான்."

அன்றே மாத்திரையை நிறுத்தினார். பிறகு எனக்குக் கட்டினார்கள். பியூனுக்குக் கட்டினார்கள். டீ கொண்டு வந்தவருக்கும் கட்டினார்கள். எல்லோருக்கும் நூற்றிருபது எண்பது. அலுவலகமே ஒரு புது ஆரோக்கியத்தில் மிதந்தது. பெட்டியில் சும்மா இருக்கும்போதும் முட்கள் அதே இடத்தில்தான் நின்றன. ஏன் என்று நான் கேட்டேன். "ரெடியா இருக்குது தம்பி" என்றார் நடராசன்.

மூன்று மாதச் சோதனைக்காக அந்த மெஷின் கிராமத்து சுகாதார நிலையங்களுக்குப் போனது. பழைய பாதரச மெஷின்களைத் திரும்ப வாங்கி ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டினார்கள். 'இக்கருவி காட்டும் அளவே இறுதியானது' என்று ஒரு சுற்றறிக்கை. அதை அடித்தவன் நான். காகிதத்தின் அடிமூலையில் டைப் அடித்தவனின் முதலெழுத்தைப் போடுவது வழக்கம். 'தே' என்று போட்டேன்.

பிறகு மெட்ராஸ் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கருவியை அங்கீகரிக்கும் முன், சம்பந்தம் ஏதும் இல்லாத ஒரு நிபுணரின் சுதந்திரமான கருத்தைப் பெற வேண்டுமாம். விருத்தாசலம் அதை மூன்று முறை படித்தார். பிறகு சிவப்பு மையில் 'சம்பந்தம்' என்ற சொல்லின் கீழே கோடு போட்டார். அந்தக் கோடு போட்டதோடு எங்கள் நிபுணர் வேட்டை ஆரம்பமானது.

முதல் பட்டியலில் மூன்று பேர் இருந்தார்கள். டாக்டர் ஒருவர்: அவர் தினமும் பிரஷர் பார்க்கிறவர், சம்பந்தம் இருக்கிறது, அடித்தார். கருவி பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவர்: அவர் இந்த மாதிரிச் சாமான்களைக் கழற்றிப் பார்த்தவர், அடித்தார். மூன்றாவது என் சொந்த ஊர் நர்ஸ் ஜெயம்.

"இந்தம்மா மூணு மாசமா இந்த மெஷினையே வெச்சிப் பாத்துக்கினு இருக்குது" என்றார் விருத்தாசலம், பேனாவை உயர்த்தியபடி. "இதுக்கு மேல சம்பந்தம் இன்னா வேணும்?"

கடைசியில் தேவசகாயம் கிடைத்தார். ஒரு சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் பாய்லர் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். வைத்தியம் தெரியாது. நடராசனைத் தெரியாது. அலுவலகத்தையே தெரியாமல் இரண்டு முறை பக்கத்து ரேஷன் கடைக்குப் போய் நின்றவர்.

"பாய்லர்லயும் பிரஷர், ரத்தத்துலயும் பிரஷர்" என்றார் விருத்தாசலம். "நிபுணரும் ஆச்சி, சம்பந்தமும் இல்ல. மெட்ராஸ்காரன் வாய மூடிக்குவான்."

சனிக்கிழமை நான் மினிட்ஸ் அடித்தேன். 'நிபுணர் கருவியைப் பரிசோதித்து முழுத் திருப்தி தெரிவித்தார். ஒருமனதாக ஏற்கப்பட்டது.' பின்னிணைப்பில் ஆறு உறுப்பினர்களின் பெயர், தந்தை பெயர், வயது, ரத்த அழுத்தம். திங்கட்கிழமை எடுக்கப்போகும் அளவைச் சனிக்கிழமையே எழுத முடிகிற ஒரே கருவி அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் பிடித்து ஒலக்கூரில் இறங்கி மூன்று மைல் நடந்து ஊருக்குப் போனேன். அக்கா அம்சாவை அதே ஊரில்தான் கொடுத்திருந்தோம். தலைப்பிள்ளை, எட்டாம் மாதம். களத்தில் உட்கார்ந்து கடலைச் செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது எனக்கு ஒரு விநாடி அடையாளம் தெரியவில்லை. கண் இடுங்கும் அளவுக்கு முகம் வீங்கியிருந்தது.

"இன்னாக்கா, மூஞ்சி இப்டி இருக்குது?"

"தூக்கம் இல்லடா தேவா. ரெண்டு நாளா தல இடிக்குது. கண்ணு முன்னால பூச்சி பூச்சியா பறக்குது."

"நர்சம்மாகிட்ட போனியா?"

மாமியார் தையல்நாயகி முந்திக்கொண்டார். "போகாம இன்னா? மெஷினைக் கட்டிப் பாத்தாங்க. நூத்தி இருவது எம்பது. சும்மா இல்ல, லைட்டு எரிஞ்சிது."

சுகாதார நிலையத்தில் ஜெயம் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார். கேப்பை கொட்டி வைக்கும் தகர டின்னைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பாதரச மெஷினை எடுத்தார். கேப்பை மணிகள் உதிர்ந்தன.

"எல்லாத்தையும் உங்க ஆபீஸு வாங்கிக்கினு போயிடுச்சி. இது ஒடஞ்சி போச்சின்னு எழுதிட்டு ஒளிச்சி வெச்சிருக்கேன். நேத்து உங்க அக்காவுக்கு இதுல பாத்தேன். நூத்தி எழுவது, நூத்திப் பத்து."

"அந்த மெஷின்ல?"

"அதுல எனக்கும் நூத்தி இருவது, உங்க அக்காளுக்கும் நூத்தி இருவது. போன வாரம் ஒரு கெழவரு என் முன்னாலயே உயிரை விட்டாரு. பட்டையை அவுக்கல. அவருக்கும் அதான் காட்டிக்கினு இருந்துது." குரலைத் தாழ்த்தினார். "தம்பி, இது ஆவாது. வலிப்பு வந்தா தாயும் இல்ல, புள்ளையும் இல்ல. நாளைக்குள்ள திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயாவணும்."

"நீங்க சொல்லலியா சிஸ்டர்?"

"தொண்ட வத்தறவரைக்கும் சொன்னேன். கேக்கணுமே."

நான் மாமாவிடம் போனேன். துரைக்கண்ணு கெட்டவர் இல்லை. கட்டிய மனைவி மேல் உயிரையே வைத்திருப்பவர். காகிதத்தின் மேலும் அப்படித்தான். என் கையைப் பிடித்துச் சுகாதார நிலையத்துச் சுவரிடம் அழைத்துப் போனார். அங்கே என் சுற்றறிக்கை ஒட்டியிருந்தது.

"இன்னா போட்டிருக்குது? 'இக்கருவி காட்டும் அளவே இறுதியானது.' கீழ மூலையில பாரு, 'தே'. அது யாரு? நீதானே? ஊரெல்லாம் காட்டிக்கினு இருக்கேன், நம்ம மச்சான் அடிச்ச காயிதம்னு. இப்ப நீயே வந்து மெஷின் தப்புன்றியே!"

"தப்புதான் மாமா. நான் சொல்றதைக் கேளுங்க."

"வாயால சொன்னா எப்டி? இதே மாதிரி முத்திரை போட்டு, மெஷின் தப்புன்னு ஒரு காயிதம் கொண்டா. அடுத்த நிமிஷம் அவள ஏத்திக்கினு போறேன்."

களத்துக்குத் திரும்பியபோது அம்சா ஒரு கையால் நெற்றியை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தாள். அக்காவை நான் அடித்த ஒரு வரி அந்தக் களத்தோடு கட்டிப்போட்டிருந்தது.

அந்தக் காகிதத்தை வாங்க, திங்கள் காலை பாசஞ்சரில் ஜெயமும் என்னோடு வந்தார். ஒயர் கூடையில் பாதரச மெஷின், அதன் மேல் இரண்டு கத்திரிக்காய். விழுப்புரம் வரைக்கும் எனக்கு இரண்டு கவலை மாறி மாறி வந்தது: அக்காவுக்கு வலிப்பு வந்துவிடுமோ, எனக்கு வேலை போய்விடுமோ. இரண்டாவது கவலை வரும்போதெல்லாம் வெட்கமாக இருந்தது. ஆனால் வராமல் இல்லை.

அலுவலக வாசலில் தூணுக்கு ஒன்றாக இரண்டு வாழைமரம் கட்டியிருந்தார்கள். நடராசன் உபயம். பொன்னாடைகள் உபயம். மதியச் சாப்பாடும் உபயம். உறுப்பினர்கள் நடராசன் அனுப்பிய காரில் வந்து இறங்கினார்கள். தேவசகாயம் மட்டும் பஸ்ஸில் வந்து, ரேஷன் கடையில் விசாரித்துக்கொண்டு, தாமதமாக வந்தார்.

விருத்தாசலத்திடம் மெதுவாகச் சொன்னேன். அக்காவைப் பற்றிச் சொன்னேன், நூற்றெழுபதைப் பற்றிச் சொன்னேன்.

"உங்க அக்காவா?" என்றார். "அப்ப உனக்கே சம்பந்தம் வந்துடுச்சி. நீ இதுல பேசவே கூடாதுய்யா."

கூட்டம் தொடங்கியது. ஆறு பேருக்கும் கட்டிப் பார்த்தார்கள். சனிக்கிழமை நான் அடித்த எண்களில் ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. கை தட்டினார்கள். அப்போது கதவோரம் உட்கார்ந்திருந்த ஜெயம் எழுந்தார்.

"சார், ஒரு வார்த்தை..."

"நீங்க சம்பந்தப்பட்டவங்கம்மா. பேச முடியாது."

"நான் பேசலீங்க. சம்பந்தமே இல்லாத ஒருத்தருக்குக் கட்டிக் காட்டறேன். அவ்ளோதான்."

"யாரு?"

ஜெயம் மேஜை மேலிருந்த மெஷினை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வாழைமரத்தைச் சுற்றிப் பட்டையைக் கட்டினார். நாற்காலிகள் இழுபடும் சத்தத்தோடு எல்லோரும் பின்னால் வந்து நின்றோம்.

"இதுக்கு மெஷினும் தெரியாது, வைத்தியமும் தெரியாது. கம்பெனியையும் தெரியாது" என்றார் ஜெயம். உருண்டையை அழுத்திக் காற்றை விட்டார். "நேத்துதான் வெட்டிக்கினு வந்தாங்க."

பல்பு எரிந்தது. சிவப்பு முள் நூற்றிருபதில் நின்றது. பச்சை முள் எண்பதில் நின்றது.

பிறகு நடராசன் தொண்டையைச் செருமினார். "வாழைத்தண்டுல தண்ணி இருக்குதுங்க. தண்ணி இருந்தா அழுத்தம் இருக்கத்தான் செய்யும்."

"ஆமா" என்றார் ஓர் உறுப்பினர், நிம்மதியாக. "நல்ல மரம்."

தேவசகாயம் அதுவரை பொன்னாடையை மடிப்பதில் மும்முரமாக இருந்தவர். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இத எந்த மாஸ்டர் கேஜோட ஒத்துப் பாத்தீங்க?"

"எதோட?" என்றார் நடராசன்.

"ஆலையில அழுத்தம் காட்டற எந்த கேஜ் வந்தாலும் சரியான ஒண்ணு பக்கத்துல வெச்சி ஒத்துப் பாப்போம். அப்பறம்தான் பாய்லர்ல மாட்டுவோம். ஒத்துப் பாக்காம மாட்டினா நாங்க வூட்டுக்குத் திரும்ப மாட்டோம்." சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டித் திருப்புளியை எடுத்தார். முப்பது வருஷப் பழக்கம், ஓய்வு பெற்றும் விடவில்லை போலிருக்கிறது. நாலு திருகு திருகி முகப்புக் கண்ணாடியைக் கழற்றினார். நாங்கள் எட்டிப் பார்த்தோம்.

நூற்றிருபதில் ஓர் ஆணி. எண்பதில் ஓர் ஆணி. முட்கள் கீழே இறங்கி வந்து அவற்றின் மேல் படுத்திருந்தன.

"இது மெஷின் இல்லீங்க" என்றார் தேவசகாயம். "ஆணி."

"அது... நோயாளி பயப்படக் கூடாதுன்னு..." என்றார் நடராசன்.

விருத்தாசலத்தின் முகம் ஒரு நொடி வெளுத்தது. ஆனால் சூப்பரின்டெண்ட் ஆவதென்றால் சும்மா இல்லை. சுதாரித்துக்கொண்டார்.

"தேவசகாயம் சார், நீங்க ஆலையில கேஜ் வேலை பாத்திருக்கீங்களா?"

"முப்பது வருஷம்."

"இது கேஜ்தானே?"

"ஆமா."

"அப்ப உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குது. இத நீங்க முன்னாலயே எழுதிக் கொடுத்திருக்கணும். வருத்தமா இருக்குது, உங்க கருத்தை நாங்க எடுத்துக்க முடியாது." எங்களைப் பார்த்தார். "மினிட்ஸ் ஏற்கெனவே ரெடி. சாப்பாடு ஆறிடும், வாங்க."

எல்லோரும் இலைக்குப் போனார்கள். தேவசகாயத்திடம் மட்டும் நடராசனின் ஆள் வந்து பொன்னாடையைத் திரும்பக் கேட்டான். அவர் நன்றாகத் தட்டி, மடிப்புக் கலையாமல் கொடுத்தார்.

நான் டைப்ரைட்டர் முன் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஜெயம் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் போனார். அப்போது ஸ்டோர் ரூம் கதவு கொஞ்சமாகத் திறந்தது.

"நர்சம்மா." விருத்தாசலத்தின் குரல். "இப்டி வாங்க. ஜல்தி."

உள்ளே பழைய பாதரச மெஷின்களின் அடுக்கு நடுவே, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"ஒரு தடவ உங்க மெஷின்ல பாத்துடுங்க."

"நான் சம்பந்தப்பட்டவளாச்சிங்களே, சார்."

"அய்யோ, கட்டும்மா. அந்த ஆணியைப் பாத்ததுலேருந்து தல சுத்துது."

ஜெயம் கட்டினார், காதில் குழாயை வைத்தார், கேட்டார். "நூத்தித் தொண்ணூறு, நூத்திப் பதினஞ்சி. மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

விருத்தாசலம் பழைய காகித மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். "நிறுத்தி மூணு மாசம் ஆச்சி."

"இன்னிக்கே ஆரம்பிங்க. டாக்டரைப் போய்ப் பாருங்க."

இதற்குள் நான் ஒரு காகிதத்தை அடித்து முடித்திருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் அடித்ததில்லை. 'மேற்படி கருவி காட்டும் அளவை நம்ப வேண்டாம். பாதரசக் கருவியின் அளவே செல்லும். திருமதி அம்சாவை உடனே திண்டிவனம் மருத்துவமனைக்கு அனுப்பவும்.' வாசலில் பஸ்ஸுக்கு நின்ற தேவசகாயத்தை ஓடிப்போய்ப் பிடித்தேன். கேட்காமலே கையெழுத்துப் போட்டார். 'நிபுணர்' என்று கீழே அவரே எழுதினார். விருத்தாசலத்திடம் நீட்டினேன். மூட்டையில் உட்கார்ந்தபடியே படித்தார். அவர் ஒரு காகிதத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தது அன்று ஒரு முறைதான்.

"இதப் போட்டுடறேன்யா. உங்க அக்கா நல்லா இருக்கட்டும்" என்றார். முத்திரையையும் அவரே குத்தினார். "ஆனா மினிட்ஸ் அப்டியே இருக்கட்டும். அது வேற, இது வேற."

இரண்டு மணி பாசஞ்சரில் ஜெயம் காகிதத்தோடு போய்விட்டார்.

நான் மினிட்ஸின் மூன்றாம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'நிபுணர் முழுத் திருப்தி தெரிவித்தார்.' இதுவும் ஊர் ஊராகப் போகும். எந்த ஊர்ச் சுவரிலோ ஒட்டும். அங்கேயும் யாரோ ஒரு மாமா அதைக் காட்டுவார். என் அக்காவுக்கு நான் இருந்தேன். அந்த ஊரில் யார் இருப்பார்கள்? பக்கத்து அறையில் பாயசம் பரிமாறும் சத்தம் கேட்டது. பழைய மூன்றாம் பக்கத்தை உருவினேன். புதிதாக ஒன்றைச் செருகினேன்.

நடந்ததை நடந்தபடி அடித்தேன். ஆணி இரண்டு என்று அடித்தேன். ஒத்துப் பார்க்கவில்லை என்று நிபுணர் சொன்னதை அடித்தேன், சொன்னதும் அவர் சம்பந்தப்பட்டவர் ஆகிவிட்டதையும் அடித்தேன். பின்னிணைப்பில் ஏழாவது வரிசை சேர்த்தேன்: வாழைமரம். வயது பத்து மாதம். அழுத்தம் 120/80. எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வழக்கம்போலப் பென்சிலில் பெருக்கல் குறி போட்டேன். சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டு வந்தவர்கள் பெருக்கல் குறியைத் தேடிக் கையெழுத்துப் போட்டார்கள். விருத்தாசலமும் போட்டார். நான் அடிமூலையில் 'தே' என்று போட்டேன். உறை அன்று மாலையே மெட்ராஸுக்குப் போனது.

வியாழக்கிழமை வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்று ஜெயத்தின் கார்டு வந்தது. மாமா காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மல்லாட்டை ஏற்ற வந்த லாரியில் மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு அக்காவை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். மறுநாள் விடியற்காலை பெண் குழந்தை. கைக்கடக்கமாக, எலிக்குஞ்சு மாதிரி இருக்கிறதாம். 'தாயும் பிள்ளையும் நலம். மெஷின் வழக்கம்போல நலம்' என்று முடித்திருந்தார்.

மூன்று வாரம் கழித்து மெட்ராஸ் பதில் வந்தது. விருத்தாசலம் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையிலேயே என் அடுத்த ஆறு மாதம் போய்விட்டது தெரிந்தது. ஆணியைப் பற்றி மெட்ராஸ் எதுவும் கேட்கவில்லை. நிபுணரைப் பற்றியும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான்.

'பின்னிணைப்பு, வரிசை எண் ஏழு: நபரின் தந்தை பெயர் குறிப்பிடப்படவில்லை. அவ்விவரம் கிடைக்கும் வரை கருவிக்கான ஒப்புதல் நிறுத்தி வைக்கப்படுகிறது.'

"இதுக்கு இன்னாய்யா பதில் எழுதறது?" என்றார் விருத்தாசலம், நெற்றியைப் பிடித்துக்கொண்டு. பிறகு ஞாபகம் வந்தவராக மேஜை அறையைத் திறந்து மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அது எனக்குக் கடைசி வாரம். பயப்பட ஒன்றும் மிச்சமில்லாததால் நானே அடித்தேன். பெருக்கல் குறி போட்டு நீட்டினேன், கையெழுத்துப் போட்டார்.

'பார்வையில் காணும் கடிதத்துக்குப் பதில்: வரிசை எண் ஏழில் கண்ட நபரைக் கூட்டம் நடந்த அன்று மாலையே மாடு தின்றுவிட்டது. ஆகவே தந்தை பெயரை விசாரிக்க வழியில்லை. கடைசிவரை அவருக்கு ரத்த அழுத்தம் சீராகவே இருந்தது.'